பெருக்கி எழுதிய எண்

முதல் வாரத்திலேயே நான் கதிரையை மாற்றித் தரும்படி கேட்டேன். காரணமாகக் குளிரைச் சொன்னேன். யன்னல் ஓரம் என்பதால் தோள் விறைக்கிறது என்று தாதியிடம் முறையிட்டேன். உண்மைக் காரணம் குளிரல்ல. எனக்கு இடப்பக்கக் கதிரையில் ஒரு கறுப்பினப் பெண் இருந்தார். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணித்தியாலம், கையெட்டும் தூரத்தில் அவரோடு இருக்க எனக்கு மனமில்லை. இதைவிடக் கௌரவமான ஒரு காரணம் கிடைக்குமா என்று பலநாள் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

அது ஸ்காபரோவில் ஒரு வைத்தியசாலையின் டயலிஸிஸ் பிரிவு. நீரிழிவு என் சிறுநீரகங்களைத் தின்று முடித்திருந்தது. இரத்தத்தை ஒரு குழாயால் வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, இன்னொரு குழாயால் உடம்புக்குள் திருப்பி அனுப்புவார்கள். அதுவரைக்கும் கதிரையில் கையை நீட்டியபடி அசையாமல் கிடக்க வேண்டும்.

இலங்கையிலிருந்து அகதியாக வந்து முப்பது வருடங்களுக்கு மேல் இந்த நகரத்தில் இருக்கிறேன். மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் பெரிய சமையற்கூடம் ஒன்றில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தேன். அங்கே கறுப்பின மனிதர்கள் எத்தனையோ பேரோடு ஒரே மேசையில் நின்று தட்டங்களை அடுக்கியிருக்கிறேன். அவர்கள் என்னோடு நன்றாகத்தான் பழகினார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தால் நாங்கள் அவர்களைக் 'கறுவல்' என்றுதான் சொல்வோம். நானும் மனைவியும் சொல்வோம், வந்துபோகிற சொந்தக்காரர்களும் சொல்வார்கள். தமிழ் விளங்காது என்ற தைரியத்தில் பஸ்ஸிலும் கடையிலும் குரலைத் தாழ்த்தாமலே சொல்வோம். எங்கள் நிறம் என்ன என்று அந்த நேரத்தில் எங்களுக்கு நினைவு வருவதில்லை.

வேறு கதிரை காலியாக இல்லை என்று தாதி சொல்லிவிட்டார். வேண்டுமானால் இன்னொரு போர்வை தருவதாகவும் சொன்னார். அவர் அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்துக் கதிரைக்காரர் ஊதாநிறக் கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். நித்திரை என்று நம்பிக்கொண்டேன்.

அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். உயரமானவர், கதிரையின் கால்பலகையைத் தாண்டி அவருடைய பாதங்கள் வெளியே நிற்கும். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் என்று பிறகு அறிந்தேன். அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. காலையில் எங்களை இயந்திரத்தில் பொருத்தத் தாமதமானால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு நிமிடம் பிந்திவிட்டோம்" என்று அறிவிப்பார். பனி கொட்டும் நாட்களில் எந்தத் தாதி எந்த வழியால் வீட்டுக்குப் போனால் நல்லது என்று வகுத்துக் கொடுப்பார். தாதிகள் அவர் சொன்ன வழியாலேயே போனார்கள்.

நான் ஒரு மாதம் வரை அவரோடு பேசவில்லை. ஒருநாள் இயந்திரம் கொஞ்சம் வேகமாக நீரை இழுத்ததில் என் காலில் நரம்பு பிடித்தது. அப்படி ஒரு நோவை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. தாதி அறையின் மறுமுனையில் இன்னொருவரோடு நின்றார். எனக்குக் குரலே வரவில்லை. பக்கத்துக் கதிரையிலிருந்து, பஸ்ஸின் பின்வரிசைக்கும் கேட்கிற குரலில், "குதிக்காலைப் பலகையில் ஊன்று, விரல்களை உன் பக்கமாக மடக்கு, மூச்சை விடு" என்று கட்டளை வந்தது. செய்தேன். அவர் தாதியையும் கூப்பிட்டார். நோவு இறங்கியபின் நான் நன்றி சொன்னேன். "பரவாயில்லை, நெய்பர்" என்றார். அன்றிலிருந்து அவர் என்னை நெய்பர், பக்கத்துக்காரர், என்றே அழைத்தார்.

அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். இத்தனை காலத்துக்குப் பிறகு அது எனக்குள் தமிழாகவே தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

பேசத் தொடங்கியபின் முதலில் நான் கேட்டது அவருடைய கழுத்தடியில் இருந்த குழாயைப் பற்றி. என் கையில், டயலிஸிஸ் தொடங்குவதற்கு எட்டு மாதம் முன்பே, இரண்டு இரத்தக் குழாய்களை ஒன்றாகத் தைத்து ஆயத்தம் செய்திருந்தார்கள். ஊசி போட அதுதான் பாதுகாப்பான வழி. அவருக்கோ காறையெலும்புக்குக் கீழே நேரே நெஞ்சுக்குள் போகும் பிளாஸ்டிக் குழாய். மேலே பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். தண்ணீர் படக்கூடாது என்பதால் அவர் ஒழுங்காகத் தலைக்குக் குளித்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஏன் கையில் செய்யவில்லை என்று கேட்டேன்.

"நான் அம்புலன்சில் வந்தவள்" என்றார். "ஒருநாள் காலையில் மூச்சு எடுக்க முடியவில்லை. இங்கே கொண்டுவந்தபோது இரண்டு சிறுநீரகமும் முடிந்துவிட்டது என்றார்கள். அதற்கு முந்தின வருடம்தான் எல்லாம் நல்லாயிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்."

பிறகு கையில் செய்து பார்த்தும் அது சரிவரவில்லை. குழாய் வழியே இரண்டு முறை கிருமி போயிருந்தது. இரண்டாம் முறை அது இருதயத்தின் ஒரு வால்வைப் பிடித்துக்கொண்டது. ஆறு கிழமை படுக்கையில் இருந்தாராம்.

அவர் பிறந்தது அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில். ஒன்பது வயதில் தாயோடு ரொறன்ரோவுக்கு வந்தார். தாய் இங்கே பணக்கார வீடுகளில் சுத்தம் செய்கிற வேலை பார்த்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தார். அக்கா கலியாணம் செய்து ஜோர்ஜியாவுக்கே திரும்பிப் போய்விட்டார். இவர் இங்கேயே தங்கி, பஸ் ஓட்டி, ஒரு மகனை வளர்த்தார். மகனுக்கு நாற்பது வயது. அஜக்ஸில் வீடு வாங்கியிருந்தான். டயலிஸிஸ் நாட்களில் அதிகாலையில் நானூற்றொன்று நெடுஞ்சாலையால் வந்து தாயை ஏற்றி இறக்கிவிட்டு வேலைக்குப் போவான், மத்தியானம் திரும்ப வந்து கூட்டிப்போவான்.

அக்கா உயிரோடு இருந்த காலத்தில் சகோதரிகள் இருவரும் தங்கள் தாய்வழியைத் தேடிப் போயிருக்கிறார்கள். ஜோர்ஜியாவில் பழைய பதிவுகள் வைத்திருக்கும் ஒரு கட்டடத்தில் இரண்டு நாள் இருந்து தேடினார்களாம். கிடைத்தது ஒரேயொரு தாள். மேலே ஒரு வெள்ளைக்காரரின் முழுப்பெயர், அழகான கையெழுத்தில். கீழே அவருக்குச் சொந்தமான அடிமைகள். அவர்களுக்குப் பெயர் எழுதவில்லை. வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன, அவ்வளவுதான். 'இருபத்து மூன்று, பெண், கறுப்பு' என்று ஒரு வரி. ஆண்டையும் வயதையும் வைத்துப் பார்த்தால் அது தங்கள் தாயின் பூட்டியாக இருக்க வேண்டும் என்று இருவரும் நினைத்தார்கள்.

"மேலே இருந்த அந்த மனிதனின் பெயர்தான் எங்கள் குடும்பப் பெயர்" என்றார் அவர். "விடுதலையானபோது எங்களுக்கு வேறு பெயர் தெரிந்திருக்கவில்லை. முப்பது வருடம் ஒவ்வொரு காலையும் பஸ்ஸை எடுக்கமுன் அவனுடைய பெயரைத்தான் நான் கையெழுத்தாகப் போட்டிருக்கிறேன்."

பிறகு என்னைக் கேட்டார், உங்கள் ஊரில் இப்படி ஏதும் இருந்ததா என்று.

இல்லை என்றேன். எங்களுடைய பிரச்சினை யுத்தம், அது வேறு என்றேன். பதில் என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது.

யாழ்ப்பாணத்தில் என் தகப்பனின் வளவுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது. அவர்களுடைய முன்னோர் எங்கள் முன்னோருக்கு அடிமைகளாக இருந்தவர்கள். காணியை எழுதும்போது அவர்களையும் சேர்த்து எழுதிய காலம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் சட்டத்தால் அது நின்றது. ஆனால் நான் பிள்ளையாக இருந்த நாட்களிலும் அந்த வீட்டுப் பெண்கள் எங்கள் கிணற்றைத் தொட முடியாது. வெறுங்குடத்தோடு வெய்யிலில் நிற்பார்கள். எங்களில் ஒருவர் போய் அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர். சிலவேளை மறந்துபோய் வீட்டுக்குள் இருந்துவிடுவோம். தலை நரைத்த அந்த வீட்டுக்காரரை ஏழு வயதில் நான் பெயர் சொல்லி, 'டேய்' போட்டுக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் ஓடி வருவார். இது எல்லாம் தெரிந்துகொண்டுதான் இல்லை என்றேன்.

என் மகள் மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தவளிடம் என் பக்கத்துக் கதிரைக்காரரைப் பற்றிச் சொன்னேன். ஒரு வருடத்துக்குள் எப்படி நல்ல சிறுநீரகம் ஒன்றுமில்லாமல் போகும் என்று கேட்டேன். மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அவ கறுப்பினத்தவ எண்டால், அப்பா, அவவின்ர நம்பரைப் பெருக்கியிருப்பினம்."

எனக்கு விளங்கவில்லை. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று இரத்தப் பரிசோதனையில் ஒரு எண் வரும். அது குறையக் குறையச் சிறுநீரகம் பழுதாகிறது என்று அர்த்தம். ஓர் அளவுக்குக் கீழே போனால் விசேட வைத்தியரிடம் அனுப்புவார்கள். இதுவரை எனக்குத் தெரியும். தெரியாதது, அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் வந்துகொண்டிருந்த ஒரு வரி: நோயாளி கறுப்பினத்தவர் என்றால் இந்த எண்ணைப் பெருக்கி உயர்த்திக்கொள்ளவும்.

"ஏன்?" என்றேன்.

"அவையளுக்குத் தசை கூட, அதால நம்பர் குறைஞ்சு காட்டும் எண்டு ஆரோ சொன்னதாம். அதை அப்பிடியே வச்சிருந்தவை. இப்ப உது இல்லை, மாத்திட்டினம். ஆனா கன காலம் இருந்தது."

மனைவி கறியை மூடிக்கொண்டே, "உதை இனி அந்த மனிசியிட்டச் சொல்லாதேங்கோ. சொல்லி என்ன வரப்போகுது" என்றாள்.

திங்கட்கிழமை நான் சொல்லவில்லை. புதன்கிழமையும் சொல்லவில்லை. அவர் அன்று தண்ணீர் குடிக்கக் கட்டுப்பாடு என்பதால் மகன் கொடுத்துவிட்ட ஐஸ்கட்டித் துண்டுகளை ஒன்றொன்றாக வாயில் போட்டுக்கொண்டு, தன்னுடைய பழைய வழித்தடத்தில் எந்தெந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை என்னுடைய பழைய அறிக்கைகளை ஒரு உறையில் போட்டுக் கொண்டுபோனேன். ஏன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. அவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்று நினைத்தேன். என்னுடைய மனச்சுமையை இறக்கவேண்டும் என்பதும் அதற்குள் இருந்திருக்கலாம்.

அவரும் தன் கடதாசிகளை ஒரு நீலக் கோப்பில் ஒழுங்காக வைத்திருந்தார். மாதம் ஒருமுறை வைத்தியர் பார்க்க வரும் நாளில் அதைக் கொண்டுவருவார். அன்று அந்த நாள். நான் மகள் சொன்னதைச் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து ஆண்டுவாரியாகத் தள்ளி ஒரு தாளை எடுத்தார். நான் அதே வருடத்துத் தாளை எடுத்தேன். ஊசி போட்ட கையை அசைக்க முடியாததால் நான் மற்றக் கையால் என் தாளை நீட்டினேன். அவர் இரண்டையும் தன்னுடைய போர்வைக்கு மேல் பக்கம் பக்கமாக வைத்தார்.

எங்கள் இருவருடைய எண்களும் கிட்டத்தட்ட ஒன்று. அவருடையது என்னுடையதைவிட ஒன்று குறைவு. என் தாளில் என் குடும்ப வைத்தியர், விசேட வைத்தியரிடம் உடனே அனுப்பவும் என்று எழுதியிருந்தார். அவருடைய தாளில் அச்சடித்த எண்ணுக்குப் பக்கத்தில் நீல மையால் இன்னொரு பெரிய எண் எழுதியிருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் சரி போட்டிருந்தது.

அவர் வெகுநேரம் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்த நாள் நினைவிருக்கிறது" என்றார். "நல்ல மனிதன் அந்த டொக்டர். என் மகன் பிறந்தபோதும் அவர்தான். உங்களைப் போன்றவர்களுக்கு இது சரியான அளவு, உங்களுடைய உடம்பு பலமான உடம்பு என்றார். சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அடுத்தநாள் வேலைக்குப் போனேன்."

பிறகு தாளை மடிக்காமல் அப்படியே கோப்புக்குள் வைத்தார்.

"எங்களைப் பலமானவர்கள் என்று சொல்லித்தான், நெய்பர், எப்போதும் காக்க வைத்திருக்கிறார்கள். அந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கும் பருத்தி வயலில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நோகாது, தாங்குவாள், இன்னும் கொஞ்சம் நிற்பாள் என்று."

மத்தியானம் மகன் ஏற்ற வந்தபோது கோப்பை அவனிடம் கொடுத்துச் சொன்னார். அவன் நின்ற நிலையில் வாசித்தான். கோபத்தில் கத்துவான் என்று நினைத்தேன். அவன் என்னிடம் வந்து, உங்களுடைய தாளில் ஒரு பிரதி எடுக்கலாமா என்று பணிவாகக் கேட்டான்.

அவன் முறைப்பாடு எழுதினான். அந்தக் குடும்ப வைத்தியர் அதற்குள் ஓய்வுபெற்றிருந்தார். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. நேர்ந்ததற்கு வருந்துவதாகவும், வைத்தியர் அந்தக் காலத்து நடைமுறைப்படியே நடந்திருப்பதாகவும் எழுதியிருந்தது. அது பொய்யுமல்ல. தாய் அந்தக் கடிதத்தைக் கதிரையில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டினார். நடைமுறை என்ற வரி வந்ததும் நிறுத்தி, இன்னொருமுறை வாசித்தார்.

"எங்களுக்கு நடந்த எல்லாமே அந்தக் காலத்து நடைமுறைப்படி நடந்ததுதான்" என்றார்.

அந்த வருடக் கோடையில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் சேர்க்க முடியுமா என்று அவரைப் பரிசோதித்தார்கள். இருதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். கிருமி பிடித்த அந்த வால்வுதான் காரணம். முதலே விசேட வைத்தியரிடம் போயிருந்தால் என் கையில் செய்ததுபோல் அவர் கையிலும் நேரத்தோடு செய்திருக்கலாம். நெஞ்சுக்குள் குழாய் வைக்க வேண்டி வந்திராது. குழாய் இல்லாவிட்டால் அந்தக் கிருமியும் வந்திராது. மகள் எனக்கு இதைப் படிப்படியாக விளங்கப்படுத்தினாள். நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாமலிருக்க வழியில்லை.

நான் பட்டியலில் இருந்தேன்.

நான் டயலிஸிஸ் தொடங்கி மூன்று வருடம் முடிகிற நேரத்தில், ஸ்ரௌவ்வில்லில் என் மச்சான் வாங்கிய புதுவீட்டுக்குக் குடிபுகும் விருந்தில் நின்றபோது தொலைபேசி வந்தது. மத்தியானம் ஒரு மணி. இறந்துபோன ஒருவரின் சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறது, நேரே வைத்தியசாலைக்கு வரவும் என்றார்கள். மனைவி அழுதாள். எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அந்த நேரத்தில் என் பக்கத்துக் கதிரைக்காரர் என் நினைவுக்கு வந்தார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், சிறுநீர் போகிறது என்று தாதி சிரித்துக்கொண்டு சொன்னபோதுதான் வந்தார்.

மூன்று மாதம் வைத்தியசாலைப் பக்கம் தேவையில்லாமல் போகவேண்டாம், தொற்று வரும் என்று எச்சரித்திருந்தார்கள். நான் அந்த மூன்று மாதத்தை ஆறு மாதமாக நீட்டினேன். டயலிஸிஸ் பிரிவுக்குப் போய், நல்ல உடம்போடு, அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நிற்பதை நினைக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு வேலை வந்துவிடும். ஒருமுறை வாசல் வரை போய், கார் நிறுத்துமிடத்தில் கொஞ்சநேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். மனைவியிடம், அவர் நித்திரையாக இருந்தார் என்று சொன்னேன்.

ஏழாம் மாதம் அவருடைய மகன் என்னை அழைத்தான். தாய் டயலிஸிஸை நிறுத்த முடிவு செய்திருக்கிறார் என்றான். இருதயம் களைத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் மயங்கிப் போகிறார். இன்றோடு நிறுத்திவிட்டோம், வீட்டில்தான் இருக்கிறார், பார்க்க விரும்பினால் வாருங்கள் என்றான். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. டயலிஸிஸில் இருந்த எவருக்கும் அது தெரியும்: ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு.

தானும் வருவதாக மனைவி சொன்னாள். நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் ஸ்காபரோவில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தார். கட்டிலை யன்னலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கீழே பஸ்கள் போவது தெரிந்தது. மடியில் ஒரு தட்டு, தட்டில் தோடம்பழம். டயலிஸிஸ் நோயாளிகளுக்கு விலக்கிய பழம் அது. நான்கு வருடத்துக்கு மேலாக அவர் அதைத் தொடவில்லை. இனி எதையும் விலக்கத் தேவையில்லை என்பதால் மகன் ஒரு பை நிறைய வாங்கி வைத்திருந்தான். அவருக்குத் தோலை உரிக்கப் பலம் இல்லை. மனைவி கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, பழத்தை வாங்கி உரித்து, நாரெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சுளையாக அவருடைய கையில் வைத்தாள்.

என்னைப் பார்த்து, "நிறம் வந்திருக்கிறது, நெய்பர்" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். வராமல் இருந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியவை இன்னும் இரண்டு இருந்தன.

முதல் வாரம் கதிரை மாற்றிக் கேட்டது குளிருக்காக அல்ல என்றேன்.

"தெரியும்" என்றார். "முப்பது வருடம் பஸ் ஓட்டியிருக்கிறேன். யார் எந்த இருக்கையிலிருந்து ஏன் எழும்பிப் போகிறார்கள் என்பது முன்னால் இருக்கிற கண்ணாடியில் நன்றாகத் தெரியும்."

மனைவி கையில் சுளையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

பிறகு எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். கிணற்றைப் பற்றி, வெறுங்குடத்தைப் பற்றி, தலை நரைத்தவரை நான் கூப்பிட்ட விதத்தைப் பற்றி. அன்றைக்கு நீங்கள் கேட்டபோது இல்லை என்று சொன்னது பொய் என்றேன். அவர் நடுவில் குறுக்கிடவில்லை.

"அவருடைய பெயர் என்ன?" என்று கேட்டார்.

நாங்கள் கூப்பிட்ட பெயரைச் சொன்னேன்.

"அது நீங்கள் கூப்பிட்டது. அவருடைய முழுப்பெயர்?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கு ஒரு முழுப்பெயர் இருந்திருக்கும் என்று அந்த நிமிடம் வரை நான் யோசித்ததில்லை.

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். களைப்பா, கோபமா என்று எனக்குத் தெரியாது. பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது. மனைவி கடைசிச் சுளையை நீட்டியபோது அவர் திரும்பி வாங்கிக்கொண்டார். பிறகு மனைவியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார். நாங்கள் அரைமணி நேரம் அப்படியே இருந்தோம்.

வீட்டுக்கு வருகிற வழியில் மனைவி, "அவவின்ர கை நல்ல சூடு" என்றாள். கொஞ்சத் தூரம் போனபின், "நீங்கள் எனக்கும் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள்.

ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார்.

தேவாலயம் நிறைந்திருந்தது. பஸ் ஓட்டுநர்கள் சீருடையோடு இரண்டு வரிசையில் இருந்தார்கள். டயலிஸிஸ் தாதிகள் மூன்று பேர் வந்திருந்தார்கள். மகன் பேசினான். தாய்க்கு நடந்ததை அவன் மறைக்கவில்லை, நீட்டவுமில்லை. தன் தாய் நோவைப் பற்றி முறையிட்டு ஒருநாளும் கேட்டதில்லை, அதைப் பெருமையாக நினைத்திருந்தேன், இப்போது அப்படி நினைக்க முடியவில்லை என்றான். அவர் அழுதிருக்கலாம், எனக்குச் சொல்லியிருக்கலாம், பலமாக இருக்கவேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டான். முன்வரிசையில் வயதான பெண்கள் பலர் தலையை மெதுவாக அசைத்தார்கள். என் மனைவி வாய்விட்டு அழுதாள். எங்கள் இருவரையும் தவிர அங்கே தமிழர் எவரும் இல்லை. பின்வரிசையில் இருந்த எங்களைப் பார்த்து ஒரு முதியவர், முன்னுக்கு வந்து இருங்கள், இடமிருக்கிறது என்று சைகை காட்டினார். போய் இருந்தோம்.

அடக்கம் செய்யும்போது நவம்பர் மழை பெய்துகொண்டிருந்தது. மண் கட்டியாக இருந்தது. மகன் ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்தவருக்கு வழிவிடாமல் அப்படியே நின்றான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

அவன் இப்போதும் என்னோடு தொடர்பில் இருக்கிறான். தாய் கடைசி வாரத்தில் அவனிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார், இரத்தப் பரிசோதனை செய்துபார்க்கவேண்டும் என்று. செய்தான். அவனுடைய சிறுநீரகங்களும் பழுதாகத் தொடங்கியிருக்கின்றன. நேரத்தோடு கண்டுபிடித்ததால் விசேட வைத்தியர் ஒருவர் பார்க்கிறார், மருந்து கொடுத்திருக்கிறார். உப்பைக் குறைத்தால் எப்படிச் சமைப்பது, எந்த மரக்கறியை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் சாப்பிடலாம் என்று சிலவேளை அழைத்துக் கேட்பான். மனைவிதான் தொலைபேசியை வாங்கி, தன்னுடைய ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள்.

போன கிழமையும் அழைத்தான். புது எண் வந்திருக்கிறது, போனமுறையைவிட இரண்டு குறைந்துவிட்டது என்றான். வைத்தியர் பயப்பட வேண்டாம் என்று சொன்னாராம். அதை நம்பலாமா என்று என்னிடம் கேட்டான். நான் அந்த வைத்தியரை அறியேன். நம்பலாம் என்று சொல்லவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. தாளை அனுப்பு, மகளிடம் காட்டிக் கேட்கிறேன் என்றேன்.